டீலியா கான்சிடைனும் தம்பியின் கன்னமும்

டீலியா கான்சிடைனுக்கு மூக்கு நுனியில் கோபம். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். கில்தோரன் ஊரில் அவளிடம் திட்டு வாங்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. மீதி நேரமெல்லாம் கான்சிடைன்களைத் தேடுவதில் போயிற்று. கிளேர் மாவட்டத்துக் கல்லறைகளில் பாசியைச் சுரண்டிப் பெயர் படித்தாள். கோயில் கோயிலாகப் போய் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினாள். அவளைக் கட்டிக்கொள்ள வந்த ஒருத்தன் எட்டுத் தலைமுறைக் கதையையும் கேட்டுவிட்டு ஓடிப்போனான் என்று ஊரில் சொல்வார்கள். பொய். அவள்தான் அவனைத் துரத்தினாள்.

உலகத்துக் கான்சிடைன்களையெல்லாம் ஒரே வம்சமரத்தில் சேர்க்கும் வேலையை எனிஸ் நகரத்து வக்கீல் டெக்லன் கான்சிடைன் நடத்திவந்தார். அவரிடமிருந்து ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. உங்கள் காகிதமெல்லாம் அருமை, ஆனால் 1821க்கு முந்தைய தலைமுறைகளுக்கு ஆதாரம் இல்லை, உங்கள் கிளையிலிருந்து ஓர் ஆணின் டி.என்.ஏ. வேண்டும், ஆகஸ்டில் நடக்கிற கான்சிடைன்கள் கூட்டத்துக்குள் வராவிட்டால் மரத்தில் இடமில்லை என்று எழுதியிருந்தார்.

குடும்பப் பெயரைப் போலவே அந்த மரபணுவும் அப்பனிடமிருந்து மகனுக்குத்தான் இறங்குமாம். ஆக, முப்பது வருடம் உழைத்தவளின் எச்சில் உதவாது. ஒரு பதிவேட்டைக்கூடத் திறந்து பார்க்காத தடியனின் எச்சில் உதவும். டீலியா சமையலறையில் தனியாக நின்று கத்தித் தீர்த்தாள். அப்பா இறந்துவிட்டார். அவருடைய சகோதரர்கள் இருவரும் கல்யாணமில்லாத பாதிரியார்களாகவே போய்ச் சேர்ந்தவர்கள். மிச்சமிருந்த ஒரே ஆண், தம்பி ஃபிளானன்.

அவனோடு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. கொள்ளுத்தாத்தா ஆடு திருடி மூன்று மாதம் உள்ளே இருந்ததைப் பழைய நீதிமன்ற ஏட்டில் கண்டுபிடித்து, டீலியா அதைக் கோயில் இதழில் போட்டுவிட்டாள். ஃபிளானனோ ஆடு வளர்க்கிறவன். சந்தைக்குப் போனால் அவனைப் பார்த்து ‘மே’ என்று கத்தினார்கள்.

வேறு வழியில்லாமல் அவன் பண்ணைக்குப் போனாள். கொட்டகை வாசலில் அவனும் பக்கத்துப் பண்ணைக்காரன் மாலக்கி டால்ட்டியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாலக்கி அறுபது வயதுப் பிரம்மச்சாரி, சாது.

“யாரு, மகாராணியா? இன்னைக்கு எந்தத் தாத்தாவை ஜெயில்ல போட வந்திருக்க?” என்றான் ஃபிளானன்.

“இந்தப் பஞ்சுக்குச்சியால கன்னத்துக்கு உள்பக்கம் ஒரு நிமிஷம் தேய்ச்சுக் குடு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“வாயைத் திறந்து காட்ட நான் என்ன குதிரையா?”

“குதிரைன்னா உன்னைக் கேட்டிருக்கவே மாட்டேன்டா. அதுக்கு வம்சச் சான்றிதழ் இருக்கும்.”

மாலக்கி சிரித்துவிட்டான். ஃபிளானன் அவனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, “சரி, வெச்சுட்டுப் போ” என்றான். டீலியா அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. இரண்டு நாளில் ஒட்டிய உறை வந்தது, அனுப்பினாள்.

ஒன்பது வாரம் கழித்து டெக்லனே தொலைபேசியில் கூப்பிட்டார். உங்கள் தம்பியின் மாதிரி எங்கள் கிளையோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது, மரத்தில் ஏற்றியாயிற்று என்றார். டீலியா அழுதாள். நன்றி சொல்கிற பழக்கம் இல்லாதவள், அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் தம்பியின் முன்னால் போய் நின்றாள். மாலக்கி அவன் பக்கத்தில் இருந்தான். ஊரே அங்கேதான் நின்று வம்பளந்துகொண்டிருந்தது.

“பொருந்திடுச்சுடா. உன் கன்னத்தால நாம மரத்துல ஏறிட்டோம்.”

ஃபிளானன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “என் கன்னமா? அதைத் தேய்ச்சது மாலக்கி! உன் மூஞ்சில கரி பூசணும்னுதான் அவன்கிட்ட குடுத்தேன். ஒரு டால்ட்டியைப் போய் கான்சிடைன்னு சொல்லுது பாரு, உன் சோதனை!”

நாலு பேர் கூடச் சிரித்தார்கள். டீலியா சிரிக்கவில்லை. அவள் மாலக்கியின் தாடையைப் பார்த்தாள். அசல் கான்சிடைன் தாடை. அவள் பார்க்கிறதைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக விளங்கிக்கொண்டவன் ஃபிளானன்.

டீலியா காருக்குப் போய், கைவசம் இருந்த இன்னொரு பஞ்சுக்குச்சி டப்பியைக் கொண்டுவந்தாள். “இப்ப நீ தேய். எல்லார் முன்னாடியும்.”

அவன் வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

“ஏன்டா, பயமா?”

“எனக்குப் பொருந்தலைன்னா?” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். அப்புறம் டிராக்டரில் ஏறிப் போய்விட்டான். பெற்ற தாயைப் பற்றியே அவனுக்கு அப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று டீலியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கூட்டம் நழுவியது. மாலக்கி மட்டும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“டீலியா, அதை அழிச்சிடச் சொல்லுங்க. எங்கம்மா இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கல்லறையிலதான் படுத்திருக்கா. இவங்க வாய்க்கு அவ அவலாகக் கூடாது.”

“சிரிச்சுக்கிட்டே தேய்ச்சியே மடையா, அப்ப எங்க போச்சு புத்தி?”

“விளையாட்டுன்னு நெனச்சேன்.”

“அதை அழிச்சா எனக்கு மரத்துல இடமே இல்ல. அவன் குடுக்க மாட்டான். தெரியுமா உனக்கு?”

“தெரியும்,” என்றான். ஆனாலும் நகரவில்லை.

டீலியா இருவரையும் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துச் சபித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து டெக்லனுக்கு எழுதினாள்: “நான் அனுப்பிய மாதிரி தவறானது. தயவுசெய்து அழித்துவிடுங்கள். வேறு அனுப்ப வழியில்லை. எங்கள் கிளையில் ஆண்பிள்ளை என்று சொல்ல ஒருவனும் இல்லை.”