முப்பத்து மூன்று டெசிபல்

யுவே-கூய்க்கு நாற்பத்தொன்பது வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் சான்சோங் நகரில் ஒரு கூலர் கம்பெனியின் சத்தமில்லா அறை வாசலில் கழிந்துவிட்டது. கம்ப்யூட்டர் பிராசஸரின் தலைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் விசிறிகள் எவ்வளவு குளிர்விக்கின்றன, எவ்வளவு இரைகின்றன என்று அளந்து சொல்வது அவள் வேலை.

அதே கம்பெனியில் விசிறிகளை வடிவமைப்பவன் அவள் கணவன் மிங்-தே. புதுக் கூலரில் அவன் இரண்டு வருஷம் மல்லுக்கட்டிச் செய்த விசிறியை வைப்பதா, வெளியில் வாங்குவதா என்பதை அவளுடைய எண்கள் தீர்மானிக்கும். வெளி விசிறி ஜெயித்தால் வடிவமைப்புப் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தாள். கணவன் செய்ததை மனைவி அளக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. யுவே-கூயைத் தெரிந்தவர்கள் மிங்-தேவுக்காகத்தான் பரிதாபப்பட்டார்கள்.

ஒரே பிராசஸர், சூடு கடத்த ஒரே பசை, இருபத்தைந்து டிகிரி அறை, அரைமணி நேர ஓட்டம். வெளி விசிறிக்கு எழுபத்தொரு டிகிரி, இருபத்தொன்பது டெசிபல் வந்தது. அடுத்து மிங்-தே உள்ளே போய்த் தன் விசிறியைத் தானே மாட்டிவிட்டு வந்தான். எழுபத்து நான்கு டிகிரி. முப்பத்து மூன்று டெசிபல்.

"உன் மீட்டர்ல ஏதோ கோளாறு."

"மீட்டருக்கு ஒண்ணுமில்ல. உன் விசிறிக்குத்தான் சளி பிடிச்சிருக்கு."

"பொண்டாட்டி மாதிரி பேசேன்."

"பொண்டாட்டி மாதிரி பேசினா நாப்பதுன்னு எழுதியிருப்பேன்."

மிங்-தே மதியத்துக்கு வாங்கிய பன்றிக்கறிச் சோற்று டப்பாவைத் திறக்காமலே எழுந்து போனான். யுவே-கூய் தன் பங்கை முழுதாகச் சாப்பிட்டாள். ஆனாலும் அந்தச் சத்தம் காதை உறுத்தியது. தேய்ந்த விசிறி ஒரே சுருதியில் முனகும். இது சரசரத்தது. விசிறியை மறுபடி ஓடவிட்டு, அறைக்குள் போய்க் காதைத் தீட்டினாள். கூலருக்குப் பின்னால், சூடான காற்று வெளியேறும் வழியை அடைத்தபடி, பச்சை நிறப் பொட்டலம் ஒன்று படபடத்துக்கொண்டிருந்தது. தேங்காய்ச் சுவைப் பொரி.

இயந்திரம் சொன்னபடி கேட்க அதன்மேல் இந்தப் பொட்டலத்தை வைக்காத அலுவலகம் அந்த ஊரில் கிடையாது. பச்சையாகத்தான் இருக்க வேண்டும். மற்ற நிறம் வைத்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். "மெஷினுக்குப் பசிக்குதா அக்கா?" என்று கணக்குப் பிரிவுப் பெண்களை மீட்டிங்கிலேயே கிண்டலடித்தவன் மிங்-தே.

"காவ் மிங்-தே!" அவள் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விஷயம் பெரிது. "இது யாரு வச்சது?"

அவன் சுவரைப் பார்த்தான். "எதுக்கும் இருக்கட்டுமேன்னு..."

பொட்டலத்தை எடுத்துவிட்டு மறுபடி அளந்தாள். எழுபது டிகிரி, இருபத்தெட்டரை டெசிபல்.

"எழுது, எழுது!" என்று குதித்தான்.

"எழுதறேன். ஆனா முதல் அளவை ஏன் தள்ளினோம்னு காரணம் போடணும். தப்பு செஞ்சவங்க கையெழுத்தும் வேணும்."

"ஏதோ ஒரு பொருள் குறுக்க இருந்துச்சுன்னு போடேன்."

"என்ன பொருள்னு கேப்பாங்க."

"கணக்குல இருக்கற அக்காங்க என்னை வாழ விடமாட்டாங்க, யுவே-கூய்."

"அப்ப முப்பத்து மூணையே அனுப்பிடவா?"

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் மீட்டிங்கில் முதலாளியம்மா அந்த அறிக்கையை வரிவிடாமல் உரக்கப் படித்தாள். அறையே சிரித்தது. முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"தேதி பாத்தியா?" என்று மிங்-தேவைக் கேட்டாள்.

பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பிப் பார்த்தாள். காலாவதியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"அதானே பாத்தேன்! கெட்டுப்போனதை வச்சா மெஷின் மூஞ்சியைத் தூக்காம என்ன செய்யும்?" என்று சொல்லி, மிங்-தேவின் விசிறிக்கே ஒப்புதல் கையெழுத்துப் போட்டாள்.

காற்றோட்டம், அழுத்தம் என்று விளக்க மிங்-தே வாயைத் திறந்தான். மேஜைக்கடியில் யுவே-கூய் அவன் காலை நன்றாக மிதித்தாள்.