குழாயடியில் படித்த சரித்திரம்

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அவ்வளவுதான். மூன்றாவதோடு என்னை நிறுத்தி, அப்பா ஹார்பருக்கு மூட்டை தூக்க அழைத்துப் போனார்.

என் பெண்சாதி படித்தவள். கல்யாணத்துக்கு முன்பே எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, சரித்திரத்தில் தவறிவிட்டாள். தேறினால் டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போடலாம். மறுபடி எழுதட்டுமா என்று கேட்டாள். எழுது என்றேன். அப்போது வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அவன் எப்படிக் கப்பல் ஏறி வந்தான் என்ற பாடம்தான் அவளுக்கு ஏறவில்லை. வார்த்தைகள் எல்லாம் பெரிசு பெரிசாக இருந்தன.

நான் புத்தகத்தைப் பார்த்து வார்த்தையைச் சொல்லுவேன். அவள் அடுப்பு ஊதிக்கொண்டே அர்த்தம் சொல்லவேண்டும். முதலில் உளறினாள். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ராயபுரத்திலேயே ஓர் ஆளைப் பிடித்தாள்.

"கூட்டுப்பங்குக் கம்பெனி" என்பேன்.

"கடக்கரைல ஆளுக்குக் கொஞ்சம் போட்டு படகு வாங்கறாங்கல்ல, அது. மீன் வந்தா பங்கு. முழுகுனா அவனவன் போட்டது போச்சு."

"குடியேற்றம்."

"பக்கத்து வூட்டுக்காரன். மொதல்ல நம்ம வாசல்ல வெறகு வெச்சான். இப்ப கட்டிலே போட்டுக்கினான்."

"வரம்பில்லா முடியாட்சி."

"உங்க மேஸ்திரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் இருந்தது ஒரே வாசலுக்குள் பல குடித்தனம். குழாய் ஒன்று. தண்ணீர் வீணாகிறது என்று வீட்டுக்காரர் குழாயைச் சுற்றி மரப்பெட்டி அடித்து, பூட்டுப் போட்டு, சாவியை முன் அறையிலிருந்த அம்மாளிடம் கொடுத்திருந்தார். காலையில் அந்த அம்மாள் திறந்தால்தான் தண்ணீர். எந்தக் குடம் முதலில் என்பதும் அவள் இஷ்டம்.

"சாசனம்" என்றேன் ஒரு நாள்.

"வூட்டுக்காரரு குட்த்த சாவி."

"ஏகபோகம்."

"அத்த இடுப்புல சொருகிக்கினு அந்தம்மா பண்றது."

நடுவில் தட்டிச்சுவர்தான். பேச்சு முன் அறைக்குப் போய்விட்டது. மறுநாள் குழாயடியில் அந்த அம்மாள் வழிமறித்தாள்.

"இன்னாம்மே, என்னிய ஏகபோகம்னியாமே? படிச்ச திமிரா?"

என் பெண்சாதியின் குடம் கடைசிக்குப் போனது. கடைசிக் குடம் வருவதற்குள் குழாய் நின்றுவிடும். அடுத்த தெருப் பம்புக்குப் போய் வந்தால் படிக்கிற காலை நேரம் போய்விடும். பரீட்சை நெருங்கிவிட்டது.

குடத்தை நான் எடுத்துக்கொண்டேன். வேலைக்குப் போகுமுன் அடித்து வந்து ஊற்றினேன். கூட மூட்டை தூக்குகிறவன் தெருவில் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமு, பொம்பளைங்க வரிசைல நின்னுகினுகீற?"

"தண்ணிக்குத்தான் நிக்கறேன். உன்னாண்ட கேட்டனா?"

அவன் நடையைக் கட்டினான்.

பரீட்சைக்கு முந்தின வாரம் அந்த அம்மாள் எல்லாரும் இருக்கும்போது கூப்பிட்டாள். "தப்புன்னு சொல்லு. மொதக் கொடம் உன்னுது."

சொல்லியிருந்தால் தண்ணீர் கிடைத்திருக்கும். எனக்கும் அலைச்சல் இருந்திருக்காது. சொல்லிவிடு என்று நான் சொல்லவில்லை. அது அவள் படிப்பு.

"திட்டலக்கா. பாடத்துல கீறத சொன்னேன்" என்றாள் என் பெண்சாதி.

"பாடத்துல என் பேரு போட்டுக்கீதா?"

"பேரு இல்ல. உன்ன மாதிரி ஒரு கம்பெனி. ராணியம்மா சாசனம் குட்த்தாங்க. நீ மட்டும்தான் அங்க யாவாரம் பண்ணலாம், வேற எவனும் பண்ணக்கூடாதுன்னு."

அந்த அம்மாள் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பறம் இன்னா ஆச்சு?"

"நல்லா சம்பாரிச்சிச்சு. கடசில நம்ம ஊரையே புட்ச்சிக்கிச்சு."

குழாயடியே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்தாள். "கேட்டுக்கினீங்களா? நான் கம்பெனி!" என்றாள். ஆனாலும் தப்பு என்று சொல்லாதவள் குடம் கடைசியில்தான் நின்றது. நான் பம்புக்குப் போனேன்.

பரீட்சையன்று வெளியே காத்திருந்தேன். வந்தவள் முகத்தைப் பார்த்தேன்.

"வந்துச்சா?"

"ஏகபோக உரிமைன்னா இன்னான்னு கேட்டுக்கீறாங்க. பேனா நிக்கல."

தேறிவிட்டாள். பேப்பரில் நம்பரைப் பார்த்துவிட்டு வாசலுக்குள் வந்தோம். அதற்குள் அந்த அம்மாளுக்குச் சேதி தெரிந்திருந்தது. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என்னாலதான் பாஸு. என்னிய எய்திதான் பாஸ் பண்ணிக்கீது."

"நெசந்தாங்க்கா" என்றாள் என் பெண்சாதி.

உள்ளே போய் டிரெயினிங்குக்கு மனு எழுத உட்கார்ந்தாள். அன்றைக்கே தபாலில் போட்டேன்.