அண்ணனின் பெட்டியில் நான் அவிழ்த்த முடிச்சுகள்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் அவர்கள் எங்களைத் தவிக்க விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி வீட்டில் கேட்டார்கள். மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். அண்ணனின் நற்குணங்களை எழுதத் தாள் போதாது. ஆனால் அவர் போன பிறகு நான் செய்த ஒரு தவறைச் சொல்லாமல் அவற்றை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது துறையூருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். தகப்பனார் சீக்கிரமே தவறிவிட, தாய்மாமன் எங்கள் அம்மாவையும் எங்கள் இருவரையும் தூத்துக்குடியில் கப்பலேற்றி இலங்கைக்கு அழைத்து வந்தார். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த றொசல்லவில் மாமா வைத்திருந்த கடையில் அண்ணன் மூட்டை தூக்கி, அரிசி அளந்து, அடியும் வாங்கித் தொழில் கற்றார். பிறகு அட்டன் கடைவீதியில் சொந்தமாக மளிகைக் கடை போட்டார். என்னைப் பாடசாலைக்கு அனுப்பியவர் அவர். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் கணவனை இழந்து நான் திரும்பி வந்தபோது, கடைக்குப் பின்னாலிருந்த நல்ல அறையை ஒழித்துக் கொடுத்தவரும் அவரே. அந்த அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

காசு சேர்க்கும் பைத்தியம் அவருக்கு எப்போது பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களக் கமக்காரர் ஒருவர் உழும்போது கிடைத்த வளைந்த வெள்ளிக் கம்பியைக் கொண்டுவந்து காட்டினாராம். அது கண்டி ராசா காலத்துக் காசு என்று தெரிந்ததும் அண்ணன் இரண்டு நாள் சாப்பாட்டை மறந்தார். அதன் பிறகு ஒல்லாந்தர் செப்புக்காசு, நாயக்கர் காசு, ராணி தலை போட்ட வெள்ளிகள் என்று தேக்குப் பெட்டி நிரம்பிக்கொண்டே போனது. ஊரில் அவருக்குக் காசு முதலாளி என்றே பெயர். "என் மூஞ்சியில ஒரு ராணி தலை அச்சடிச்சிருந்தா என்னையும் ஏறெடுத்துப் பாப்பாரு" என்று அண்ணி கேலி செய்வார்கள். அண்ணன் பூதக்கண்ணாடியைத் துடைப்பார்.

நெஞ்சுச் சளி முற்றிப் படுக்கையில் விழுந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, பெட்டியைக் கலைக்காம வச்சிரு" என்றார். விற்காதே, பங்கு போடாதே என்றுதான் நான் புரிந்துகொண்டேன். கேட்டுத் தெளிந்திருக்கலாம். மனிதர் மூச்சுக்குத் திணறும்போது என்னத்தைக் கேட்பது? மறுவாரம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு முன்தினம் வீடு முழுக்கக் கழுவினோம். எனக்குக் கை சும்மா இருக்காது. துக்கம் வந்தால் எதையாவது தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். அண்ணனின் பெட்டியைத் திறந்தேன். மேலே வளைந்த வெள்ளியும் ஒல்லாந்தர் காசும் தாளில் மடித்து வரிசையாக இருந்தன. அடியில் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள், ஒரு கூடை தேறும். எல்லாம் இந்த மலைக் குளிரில் ஈரம் குடித்து, நிறம் போய், புழுங்கல் நாற்றம் அடித்தன. களிம்பு ஏறாமல் இருக்க அண்ணன் கந்தலில் சுற்றி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக அவிழ்த்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அளவுவாரியாகப் பிரித்துத் தட்டில் பரப்பினேன். துணிகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். பளபளவென்று இருந்த தட்டைப் பார்த்து, அண்ணனுக்குச் செய்த கடைசிக் கைங்கரியம் என்று ஆறுதலாகவும் இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தேயிலை விலை விழுந்து தோட்டங்கள் மூடப்படுவது உங்களுக்குத் தெரியும். கடையில் வியாபாரம் இல்லை. நுவரெலியாவில் இருக்கும் ஒரு பழைய தோட்டத் துரை காசுகளை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகக் கடிதம் போட்டார். அண்ணனின் மூத்த மகன் சிவலிங்கத்துக்கு அதில் ஆசை. பூட்டி வைத்து அழகு பார்க்கிற நிலைமையா இது, அப்பா இருந்தாலும் சம்மதிப்பார் என்றான். நானும் முரண்டு பிடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் இறங்கி வந்தேன். துரை ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாரியாயி வந்தாள். முன்பு அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவள். பிறகு உடப்புசல்லாவைக்குப் போய்விட்டாள். அங்கே தோட்டத்துப் பதிவில் பெயர் வெட்டி ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். மறுநாள் ரயிலில் வரும் தன் ஆட்களோடு அட்டனில் ஏறிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் முந்தி வந்திருந்தாள். அண்ணன் இல்லை என்ற செய்தியே அவளுக்குத் தெரியாது. சொன்னதும் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் சாமிக்காசைக் கேட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது நல்லபடியாகத் திரும்பி வந்து செலுத்துவதாகக் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் நனைத்த துணியில் ஒரு காசை முடிந்து எடுத்து வருவார்கள். தோட்டத்து லய வீட்டில் அதை வைத்திருக்க முடியாது.

"கையில இருந்தா வயிறு கேட்டுருமுங்க. அதான் மொதலாளிகிட்ட குடுத்து வச்சோம். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கடை இங்கதான இருக்கும்" என்றாள்.

பெயர் எழுதி வைக்கவில்லையா என்று கேட்டேன். சாமிக்காசில் சீட்டு எழுதினால் அது அடகுபோல ஆகிவிடும் என்று அண்ணன் எழுத மாட்டாராம். துணியையும் முடிச்சையும் பார்த்தே இன்னாருடையது என்று எடுத்துக் கொடுப்பாராம். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படி நடந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்த நான் அறியவில்லை. அவர் இல்லாத நேரத்தில் யாரும் வந்து கேட்டதும் இல்லை.

தட்டைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் புதுசா இருக்குதுங்களே. எங்காசு கறுத்திருக்குமே. எந்துணி எங்கம்மா? எங்காத்தா சீலையில கிழிச்சதுங்க அது."

எரித்துவிட்டேன் என்று சொன்னேன். பொய் சொல்ல வாய் வந்தது, நல்லவேளை, சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ராணி தலை போட்ட கால் ரூபாய் என்று மட்டும் அவளுக்கு நினைவு. அந்தத் தட்டில் அதுபோல் ஏராளம். பிடித்ததை எடுத்துக்கொள் என்று கெஞ்சினேன். என் பெட்டியிலிருந்து வேறு காசு தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

"அடுத்தவங்க சாமிக்காச நான் எடுத்துட்டுப் போயிட்டா, அவங்க வந்து என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

மறுநாள் காலை தட்டை ஒரு சாக்குப் பையில் கொட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதைக் கடைவீதியே வேடிக்கை பார்த்தது. மூட்டைமுடிச்சுகளோடு ஒரு தோட்டமே வண்டிக்குள் இருந்தது. மாரியாயி ஜன்னல் ஓரம் இருந்தாள். இன்னொரு முறை பார் என்று பையை விரித்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"ஊருல போயி சாமிகிட்ட சொல்லிக்கிறேனுங்க, காசு கடையில இருக்குன்னு. எல்லாரும் வந்து பாக்கட்டும். அப்பறம் அனுப்புங்க" என்றாள். ஊர்ப்பெயரையும் கோயில் பெயரையும் மூன்று தடவை சொல்லவைத்து எழுதிக்கொண்டேன். வண்டி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். தாளில் மடித்திருந்தவை அண்ணன் தாமே தேடிச் சேர்த்தவை; அவற்றை அவருக்குக் கொடுக்கச் சம்மதித்தேன். தட்டிலிருந்தவற்றைக் காட்டவே இல்லை. அண்ணனின் பெட்டியைக் கலைத்தவள் நான்தான். அந்த வருத்தம் இருக்கட்டும். சிவலிங்கத்துக்கும் எனக்கும் அன்று தொடங்கிய சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. "இத மலருல எழுதாதீங்க அத்தை, கடைப்பேரு கெட்டுரும்" என்று நேற்றும் சொன்னான். கெட்டால் கெடட்டும். மறைத்தால்தான் கெடும் என்று எனக்குப் படுகிறது.

அது முதல் கங்காணிமார் மூலம் தோட்டம் தோட்டமாகச் சொல்லி அனுப்பினேன். பலர் வந்தார்கள். ஓரத்தில் பல்லால் கடித்த அடையாளம், தாலிக்கயிற்றில் கோத்த துளை, ஆணியால் கீறிய சூலம் என்று ஏதாவது சொல்லி எடுத்துப் போனவர்கள் உண்டு. அடையாளம் தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு. அவர்கள் போன பிறகு எனக்கு அடுப்படியில் வேலை ஓடுவதில்லை.

அண்ணனுக்கு இறுதிவரை வைத்தியம் பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், பாடையைத் தோளில் சுமந்தவர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சோறாக்கி அனுப்பிய பக்கத்துக் கடைச் சிங்களக் குடும்பத்தாருக்கும், மழையில் நடந்து வந்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அண்ணனிடம் காசு முடிந்து கொடுத்தவர்கள் இதைப் படித்தாலோ, படிக்கக் கேட்டாலோ, ஞாயிறுதோறும் கடைக்கு வாருங்கள். சாட்சி வேண்டாம். உங்கள் வாய்ச்சொல் போதும்.

இதை முடிக்கும் வேளையில் அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாள் என்னிடம் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொன்னார்கள். நாங்கள் கப்பலேறிய நாளில் எங்கள் அம்மா சாமிக்கு முடிந்து வைத்த காசும் அந்தப் பெட்டியில்தான் இருந்ததாம். ஒருமுறை ஊருக்குப் போய்ச் செலுத்திவிட வேண்டும் என்று அண்ணன் ஒவ்வொரு வருஷமும் சொல்வாராம். அதையும் நான்தான் அவிழ்த்திருக்கிறேன். எந்தத் துணி, எந்தக் காசு என்று எனக்குத் தெரியாது. ஆகவே அடையாளம் மறந்தவர்கள் என் முன் வந்து நிற்கக் கூச வேண்டாம். எல்லோரும் வந்து எடுத்துப் போங்கள். மாரியாயிக்கு அனுப்பியதும் போக ஒன்று மிஞ்சினால், அதை எங்கள் அம்மாவுடையது என்று கொண்டுபோய்ச் செலுத்துவேன். மிஞ்சாவிட்டால், நானும் வெறுங்கையோடு போய் எங்கள் சாமியிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கை