குமிழி இல்லாத பாட்டில்

ஓர் எண்ணைக்கூடப் பொய்யாக எழுதாத மனிதர் பெரும் பொய்யராக இருக்க முடியுமா? பாட்டில்காரரை அறிந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருந்திருக்காது.

அவர் ஆற்றுநீர்ப் பரிசோதனைக்கூடத்தின் ஊழியர். செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்குப் பாலத்தடியில் இறங்கி, பாட்டிலைச் சாய்த்து அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருகுவார். வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். எள்ளளவு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுப்பார். நீரில் கரைந்திருக்கும் காற்றைத்தான் அளக்கிறார்கள். வெளிக்காற்று கலந்தால் கணக்குக் கெட்டுவிடும்; கெட்ட நீரும் நல்லதாகக் காட்டும். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை.

ஆனால் படிக்கட்டு, ஆற்றோட்டத்தில் பாலத்துக்கு மேலே இருந்தது. காகித ஆலையின் கழிவுக்குழாயோ பாலத்தைத் தாண்டி ஐம்பதடி கீழே. இறங்க வசதியாக இருக்கிறது என்று பதினேழு வருடமாக மேலேயே மாதிரி எடுத்தார். ஆறு நலமாக இருப்பதாகப் பரிசோதனைத் தாளும் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏய்யா பாட்டிலு, நோயாளி இங்க படுத்துக் கெடக்கான். நீ அடுத்த வீட்டுக்காரனுக்கு நாடி புடிக்கிறியே!" என்பாள், குழாய்க்குக் கீழே கரையோரம் கீரை போடுபவள்.

"எனக்குக் குடுத்த எடம் இதான்," என்பார், அவளைத் திரும்பிப் பாராமல்.

அவள் புகார் எழுதினாள். கீழேயும் எடு என்று உத்தரவு வந்தது. அன்று மாலையே, ஆலையில் பாய்லர் பார்க்கும் மைத்துனன் வந்து நின்றான். உட்காரவில்லை.

"அத்தான், பாட்டில்ல புளியங்கொட்டை அளவு குமிழி நிக்கட்டும். நல்லா குலுக்கிடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"அது மாதிரியே இல்லடா."

"பதினேழு வருஷமா எடுத்தது மட்டும் மாதிரியா? அப்ப வராத ரோஷம் இப்ப எங்கேருந்து பொத்துக்கிட்டு வருது? ஆலைய மூடினா என் புள்ளைங்கள உங்க வாசல்ல கொண்டாந்து விட்டுடுவேன்."

மனைவி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஒரு குமிழிதானேங்க? என்னமோ அப்பன் வீட்டு ஆறு மாதிரி!"

செவ்வாய்க்கிழமை மைத்துனன் கைகட்டிக்கொண்டு கரையில் நின்றான். அவர் முழங்காலளவு பழுப்பு நுரைக்குள் இறங்கினார். எடுத்துப் பார்த்த பாட்டிலில் புளியங்கொட்டை அளவுக்கே ஒரு குமிழி நின்றது. வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு கொட்டிவிட்டு மறுபடி எடுத்தார். குமிழி இல்லை. மருந்து விட்டார். காற்று இருந்தால் பழுப்பாகும், இல்லையென்றால் வெளுப்பாகவே நிற்கும். வெளுப்பாகவே நின்றது.

"இனிமே அத்தான்னு கூப்பிட உங்களுக்கு ஆளில்ல," என்று காறித் துப்பிவிட்டுப் போனான் மைத்துனன்.

அத்தோடு நின்றிருக்கலாம். பதினேழு வருடம் காலியாக விட்ட குறிப்புக் கட்டத்தில் அன்று அவர் எழுதினார்: "முந்தைய மாதிரிகள் எல்லாம் குழாய்க்கு மேலே எடுத்தவை. அது எனக்குத் தெரியும்." கீழே கையெழுத்தும் போட்டார்.

விசாரணையில் அதிகாரி தாளை அவர் பக்கம் தள்ளிப் பேனாவை நீட்டினார்.

"யாருமே கேக்கலையேய்யா! இந்த ரெண்டு வரிய அடிச்சிடு, வேலை தப்பிச்சிடும். எதுக்குய்யா எழுதின?"

பாட்டில்காரர் பேனாவை வாங்கினார். அதன் மூடியை, பாட்டிலை மூடுவதுபோலவே இறுக்கித் திருகி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.