ரதி அக்காவும் தண்ணீர் இழுக்கும் மெசினும்

ரதி அக்காவை நான் முதன்முதலாகக் கண்டபோது அவர் ஒரு மெசினைத் திட்டிக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு நான் முகாமையாளராக வந்த முதல் நாள் அது. பின் முற்றத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தண்ணீர் இழுக்கும் வெக்கியூம் ஒன்றின் தலையைக் கழற்றி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"நேத்து முழுக்க காய வச்சேன். இன்னைக்கும் மூக்கச் சிந்துறியே, ஒனக்கு என்னாதான்டி வேணும்?"

என்னைக் கண்டு நிமிர்ந்தார். "புது மெனேஜர் சேரா? நல்ல நேரத்துலதான் வந்தீங்க. இது செத்துப்போச்சு. மூணாவது."

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்தவர். கொட்டாஞ்சேனையில் வாடகை அறை. மண்டபத்தின் துப்புரவு வேலையை மாதக் கணக்கில் பொறுப்பெடுத்து, மூன்று பெண்களை வைத்து நடத்தினார்.

அந்த வேலையின் கஷ்டம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளங்காது. காலைக் கல்யாணத்தில் கடைசிப் பந்தி எழும்ப இரண்டு மணியாகும். ஐந்து மணிக்கு வேறொரு வீட்டாரின், மகள் பெரியவளான சாமத்தியச் சடங்குக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். இடையில் உள்ள நேரத்துக்குள் ரசமும் பாயசமும் மிதிபட்ட சாப்பாட்டு மண்டபத்தைக் கழுவ வேண்டும். காய வைக்கவும் வேண்டும். கடற்காற்றில் தரை தானாகக் காய்வதில்லை. மெசின் இல்லாத நாட்களில் நான்கு பேரும் முழங்காலில் நின்று துணியால் ஒற்றி எடுத்தார்கள். நான் வருவதற்கு முந்தைய மாதம் ஒரு மாப்பிள்ளையின் பெரியம்மா ஈரத்தில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். இன்னொரு தடவை தரை ஈரமாக இருந்தால் வேலையை இரத்மலானையில் உள்ள ஒரு கம்பனிக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி நவநீதகிருஷ்ணன் சொல்லிவைத்திருந்தார். நான்கு பெண்களின் சீவியமும் அந்த மூன்று மணித்தியாலத்தில் தொங்கியது.

மெசின் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மட்டக்களப்புப் பக்கம், படுவான்கரையில் எங்கள் ஊரின் முதல் பட்டதாரி நான். முகாமைத்துவம் படித்தவனுக்கு ஒரு வெக்கியூம் தெரிவு செய்வது பெரிய காரியமா? ஒரு கிழமை இருந்து கம்பனிகளின் விபரங்களையெல்லாம் ஒப்பிட்டு அட்டவணை போட்டேன். கிராண்ட்பாஸில் ஹமீட் என்பவரின் கடைக்குப் புறப்படும்போது ரதி அக்கா வாசல்வரை வந்தார்.

"சேர், அடியில தண்ணி தொறந்துவிடுற குழாய் இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க."

"எல்லாம் பார்த்திட்டன் அக்கா."

நான் பார்த்தது வோட்ஸை. இரண்டு மோட்டர், மூவாயிரம் வோட்ஸ், எழுபது லீற்றர். அதிக வலு இருந்தால் அதிக காலம் உழைக்கும் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். வந்து இறங்கிய மெசினில் குழாய் இல்லை. நிறைந்த தொட்டியை இரண்டு பெண்கள் தூக்கிக் கவிழ்க்க வேண்டியிருந்தது. ஐந்தாம் கிழமை, ஒரு கல்யாணத்துக்கு நடுவில், புகை வந்து நின்றுபோனது.

திரீவீலரில் ஏற்றிக்கொண்டு நானும் ரதி அக்காவும் கிராண்ட்பாஸ் போனோம். ஹமீட் மோட்டரைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி மணந்து பார்த்தார்.

"மல்லிகப்பூ வாசம் அடிக்குதே. என்ன ஊத்துறீங்க?"

"சவுக்காரத்தூளுங்க. அப்பறம் வாசத் தண்ணி."

"உள்ளுக்கு ஒரு பந்து ஈக்கி. தண்ணி நெறஞ்சா அது மேல வந்து மோட்டர் வழிய அடைக்கும். நுரைக்கு அந்தப் பந்து எழும்பாது தங்கச்சி, நேரா மோட்டருக்குப் போயிரும். இதுக்கு வொரண்டி இல்ல."

"அத விக்கிறப்ப சொல்லியிருக்கணும்ல?"

"இவர் கேட்டது வோட்ஸ் எவ்வளவு ஈக்கி எண்டு. அதச் செல்லினேன்."

நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரதி அக்கா கடையைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு மெசினையும் குனிந்து பார்த்து, சக்கரத்தை உருட்டி, மூடியைக் கழற்றினார். மூலையில் இருந்த ஒன்றுக்கு முன்னால் நின்றார். இரும்புத் தொட்டி, ஒரே மோட்டர், அடியில் குழாய். வோட்ஸ் பாதிக்கும் குறைவு.

"இது மோட்டருக்குத் தனியா காத்துப் போற வகை," என்றார் ஹமீட். "ஈரக் காத்து அதுக்குள்ள போகாது. சாமான் எல்லாம் எங்கிட்ட ஈக்கி. ஆனா நுரைய இதுவும் ரொம்ப நாள் தாங்காது."

"ஒரு வாளி தண்ணி குடுங்க பாய்."

கைப்பையிலிருந்து சவர்க்காரத்தூள் பைக்கற்றை எடுத்து வாளியில் கொட்டிக் கலக்கி, கடைத் தரையில் அப்படியே ஊற்றினார்.

"அடியே! கடைடி இது!"

"ஒங்க கடைய நான்தான் கழுவித் தாறேன். சுவிச்சப் போடுங்க."

மெசின் இழுத்தது. இரண்டு நிமிடத்தில் காற்று போகும் வழியால் நுரை எட்டிப் பார்த்தது. உடனே நிறுத்தினார். அடுத்த வாளியில் ஒரு சிட்டிகைத் தூள் மட்டும் போட்டார். தரை காய்ந்தது, நுரை வரவில்லை. கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான் சேர்" என்றார்.

எனக்கு அன்றிரவு நித்திரை நன்றாக வந்தது. இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன்.

முதலாளிக்கு ஒரு பழக்கம். மண்டபத்துக்குள் கால் வைத்ததும் மூச்சை நன்றாக இழுப்பார். மல்லிகை மணமும் வாசலில் கொஞ்சம் நுரையும் இருந்தால்தான் அவருக்குக் கழுவிய மாதிரி. புது மெசின் வந்த முதல் சனிக்கிழமை, நாலே காலுக்கே தரை காய்ந்து பளபளத்தது. முதலாளி வந்தார். மூச்சை இழுத்தார்.

"கழுவலையா?"

"கழுவியாச்சு முதலாளி. தொட்டுப் பாருங்க," என்றார் ரதி அக்கா.

"வாசமே இல்லையேம்மா. வர்றவங்க என்ன நினைப்பாங்க? இன்னொரு தரம் நல்லா நுரை போட்டு அடிங்க."

"நுரை போட்டா மெசின் செத்துரும் முதலாளி."

"மெசின் என்னோடது."

"முதுகு எங்களோடது. வாசம் வேணும்னா ஊதுபத்தி கொளுத்துங்க."

பின்னால் நின்ற மூன்று பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். முதலாளியின் முகம் சிவந்தது. நான் இடையில் புகுந்து நுரையைப் பற்றியும் காற்றுவழியைப் பற்றியும் விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "நீங்க படிச்சவர், உங்களுக்கு விளங்குது. எனக்கு வாசம் வேணும்," என்றார்.

இரண்டு சனிக்கிழமை கழித்து இரத்மலானைக் கம்பனிக்காரர்கள் வந்தார்கள். ஈரத்துக்காகப் போகும் என்று பயந்த வேலை, தரை காய்ந்திருந்தபோது போனது. ரதி அக்காவையே வைத்திருக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த இரண்டு கடிதங்களுக்கும் முதலாளி பதில் தரவில்லை. மூன்றாவதை எழுதும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

ரதி அக்கா இப்போது கிருலப்பனையில் ஒரு தனியார் பல் வைத்தியசாலையைத் துப்புரவு செய்கிறார். காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை. மூன்று பெண்களில் ஒருத்திக்குத்தான் அங்கே இடம் கிடைத்தது. மெசின் இல்லை, மொப் மட்டும்தான்.