வாணியின் படிவத்தில் நான் எழுதியது

தீவிலிருந்த வழிகாட்டி கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டான் என்றுதான் எங்கள் வீட்டில் அனைவரும் நம்பினார்கள். அம்மா நம்பினார். சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கும் தம்பி முருகேசன் நம்பினான். அந்தப் பயணத்துக்காக மூன்றாண்டுகள் காத்திருந்த என் தங்கை வாணியும் நம்பினாள்.

அவர் கைவிரிக்கவில்லை. என் தங்கையின் பயணத்தைக் கெடுத்தவள் நான்!

இந்த வரியை எழுதிவிட்டு ஒரு நாள் முழுவதும் காகிதத்தைத் தொடாமல் இருந்தேன். பொறுமை எனக்குப் பழக்கம். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில், எடுத்துப் போன புத்தகங்கள் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தே என் உத்தியோக காலம் கழிந்தது. ஆனால் பொறுமையாகச் செய்த ஒரு தவறு, அவசரத்தில் செய்ததைவிடக் கொடியது அல்லவா? நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், இப்போது சொல்லாதீர்கள். முழுவதையும் கேட்டுவிடுங்கள்.

வாணி என்னைவிட ஒன்பது வயது இளையவள். கல்வராயன் மலைமேல், கரியாலூருக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மணமான இரண்டாம் ஆண்டில் கணவனை விபத்தில் இழந்து வீடு திரும்பியவள். எனக்குத் திருமணம் ஆகவில்லை. ஆகவே அம்மாவும் நாங்கள் இருவருமாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தோம். காலைப் பேருந்தில் மலையேறிப் போவாள். மாலையில் கால்சட்டை முழங்கால்வரை நனைந்து இறங்கி வருவாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு அருவிப் பைத்தியம் பிடித்திருந்தது!

குளிக்கிற பைத்தியம் அல்ல. ஏற்காட்டில் ஒரு முகாமில் கயிறு பழகி வந்திருந்தாள். இடுப்பில் வார் கட்டி, அருவி விழும் பாறையில் கால் ஊன்றி, நீரோடு நீராக இறங்குவது. கீழே மடுவில் நீந்தி, அடுத்த அருவிக்குப் போய் மறுபடியும் இறங்குவது. கெனியனிங் என்று பெயர் சொன்னாள். இந்தியப் பெருங்கடலில் எரிமலை கக்கி உண்டான ரீயூனியன் தீவில் அதற்கென்றே படைத்தாற்போல் ஆழமான மலைப்பிளவுகள் உண்டு என்றும், வழிகாட்டிகள் ஆட்களை அழைத்துச் சென்று இறக்குவார்கள் என்றும் எங்கோ படித்திருந்தாள். மூன்றாண்டுகள் பணம் சேர்த்து, கோடை விடுமுறையில் போவது என்று முடிவு செய்தாள்.

அந்தத் தீவு பிரான்சுக்குச் சொந்தம்; அங்கே பேசுவதும் எழுதுவதும் பிரெஞ்சு. நான் புதுச்சேரியில் படித்த காலத்தில் அந்த மொழியைப் பாடமாக எடுத்தவள்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். கடிதங்கள் என் கணினிக்குத்தான் வந்தன. நான்தான் படித்துத் தமிழில் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதினேன்.

"போன்லயே தமிழ்ல மாத்திக் காட்டுதாமே, அத்த வெச்சிக் கேக்கறதுதானே?" என்றான் முருகேசன் ஒரு நாள்.

"அக்கா இருக்கும்போது போன் எதுக்குடா?" என்றாள் வாணி.

அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை எனக்குள் கேட்டிருக்கிறேன்!

வழிகாட்டியின் பெயர் ழெரார். முதல் கடிதத்திலிருந்தே எனக்கு அவர்மேல் சந்தேகம். தம் கொள்ளுப்பாட்டனார் ஒப்பந்தக் கூலியாகத் தென்னாற்காட்டிலிருந்து கப்பலேறியவர் என்று எழுதியிருந்தார். தென்னாற்காடு! எங்கள் பழைய மாவட்டத்தின் பெயர் அது. வாணி பூரித்துப் போனாள். ஏமாற்றுகிறவன் முதலில் உறவு கொண்டாடித்தானே உள்ளே வருவான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு தமிழ்ச் சொல்கூட அறியாத மனிதருக்குத் தென்னாற்காடு மட்டும் எப்படி நினைவிருக்கிறது?

இரண்டாம் கடிதத்தில் வயதும் உடல் அளவுகளும் கேட்டார். உயரம், எடை, மார்பு, இடுப்பு, பாதம்.

"இன்னாடி இது?" என்று அம்மா எழுந்து உட்கார்ந்தார். "ஜாக்கெட்டு தைக்கிற டெய்லரு கூட இவ்ளோ கேக்க மாட்டான். இடுப்பளவு அவனுக்கு எதுக்கு?"

"அங்க தண்ணி ஜில்லுனு இருக்கும்மா. ரப்பர் சட்ட உடம்போட ஒட்டிக்கினு இருக்கணும். லூசா இருந்தா வெறச்சிப் பூடுவேன்."

"வெறச்சிப் போறதுக்கு ஏண்டி அவ்ளோ தூரம் போற? இங்க கரியாலூர்ல தண்ணி இல்லியா?"

"தண்ணி இருக்குது. எரிமலை இல்லியே!"

"அதான் நீ ஒருத்தி இருக்கறியே வூட்ல!"

மூவரும் சிரித்தோம். தையல் நாடாவை எடுத்து நான்தான் அவளை அளந்தேன். "கூசுது அக்கா" என்று நெளிந்தாள். தொடையில் கயிறு உராய்ந்து காய்ந்த ஒரு நீளமான தழும்பு இருந்தது. தோள்கள் இறுகித் திரண்டிருந்தன. தினமும் என் அருகில் படுத்து உறங்குகிற ஒருத்திக்கு, நான் அறியாத ஓர் உடல் இருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். அந்த எண்களை அந்நியன் ஒருவனுக்குத் தட்டச்சு செய்தபோது என் விரல்கள் கூசின.

பிறகு, அவள் அருவியில் இறங்கும் காணொளி ஒன்று வேண்டும் என்றார். யாரையும் சேர்த்துக்கொள்ளும் முன் அதைப் பார்ப்பதுதான் தம் வழக்கமாம். ஆபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், தனியாகவா வருகிறீர்கள் என்றும் கேட்டார். இரண்டு நாள் முன்னதாகவே வந்து, தம் தாயார் வீட்டின் வாடகை அறையில் தங்கிக்கொள்ளலாம் என்றார்.

ஒவ்வொரு கேள்வியையும் பிரித்துப் பாருங்கள். ஒரு வழிகாட்டி கேட்க வேண்டியவைதாம். சேர்த்துப் பாருங்கள்... தனியாக வரும் பெண், உடல் அளவு, படம், தேடுவதற்கு யார் இருக்கிறார்கள்! நான் சேர்த்தே பார்த்தேன்.

"அவன் யாரு, இன்னா ஆளுன்னு விசாரிச்சியா அக்கா?" என்று முருகேசன் என் சந்தேகத்துக்கு நெய் வார்த்தான். "போட்டோவுல பாரு, கயித்துல தொங்கிக்கினு இருக்கறான். மூஞ்சியே தெரில."

காணொளியைப் பார்த்துவிட்டு ழெரார் எழுதிய பதில் எனக்கு இன்றும் மனப்பாடம். 'இவருடைய பாதங்கள் நல்ல பாதங்கள். கயிற்றைப் பார்ப்பதற்கு முன் நீரைப் பார்க்கிறார். இப்படிப்பட்டவர்களைக் குறித்து எனக்கு அச்சமே இல்லை.'

வாணி என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா சொல்றார் அக்கா?"

"பாத்தாராம். சரிங்கறார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அதுதான் என் முதல் திருட்டு. அவளுக்கு வந்த ஒரு பாராட்டை நான் வைத்துக்கொண்டேன். ஏன்? அந்த வரிகளில் எனக்கு ஏதோ கள்ளம் தெரிந்தது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு பெண்ணின் பாதங்களைப் பற்றி அந்நிய ஆண் எழுதலாமா என்று கோபம்கூட வந்தது. இன்று நினைத்தால்... எங்கள் வீட்டில் யாருமே அவளிடம் சொல்லாத ஒன்றை அவர் சொல்லியிருந்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லையோ?

இனிமேல் சொல்லப்போவதுதான் உண்மையான காரணம். மேலே சொன்னவை அனைத்தும் நான் போர்த்திக்கொண்ட காரணங்கள்.

ஏப்ரல் மாதம் ஒரு கடிதத்தின் ஓரத்தில், தம் ஊர்த் தமிழர் சங்கம் யோகாசனம் கற்பிக்க ஆறு மாதத்துக்கு ஓர் ஆசிரியை தேடுகிறது, விருப்பமுண்டா என்று ழெரார் கேட்டிருந்தார். அதை மட்டும் எப்படியோ மறைக்காமல் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்பாள் என்று உறுதியாக இருந்தேன்.

வாணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து துணி மடித்த பிறகு, "சம்பளமில்லாம லீவு போட்டா ஆறு மாசம் குடுப்பாங்க. நான் போயிட்டு வந்தா, நீ அம்மாவப் பாத்துக்குவியா அக்கா?" என்று கேட்டாள்.

"ஓ, பாத்துக்குவேனே" என்றேன்.

அந்தக் கணம் என் சந்தேகம் திசை மாறியது. இவள் திரும்பி வர மாட்டாள்! ஆறு மாதம் ஓராண்டாகும். அந்த ழெரார் ஒரு சாக்கு. எங்களை விட்டுப் போக இவளே வழி தேடிக்கொண்டிருக்கிறாள். கைப்பேசியைப் பார்த்து அவள் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்த்தேன். புதிய செருப்பு வாங்கினால், எதற்கு என்று பார்த்தேன். மூட்டுவலியோடு படுத்திருக்கும் அம்மாவும், ஓய்வு பெறப்போகும் நானும், இந்தச் சுவர்களும்... வேறு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் உடல்நலப் படிவம் வந்தது. கடைசி நடைமுறை அதுதான். அதை அச்சிட்டு, நிரப்பி, கையெழுத்திட்டு, படமெடுத்து அனுப்ப வேண்டும்.

காலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று வாணி ஓடிக்கொண்டிருந்தாள். "நீயே எழுதிடு அக்கா. என்னோடது எல்லாம் உனக்குத் தெரியுமே. கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போறேன்." வாயில் இட்லியுடன், நின்றபடியே, வெற்றுப் படிவத்தின் அடியில் கையெழுத்திட்டாள்.

இதய நோய்? இல்லை. ஆஸ்துமா? இல்லை. தோள்மூட்டு விலகியதுண்டா? இல்லை. மயக்கம் அல்லது வலிப்பு வந்ததுண்டா?

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அம்மாவுக்கு வெந்நீர் கொடுத்தேன். தொட்டியிலிருந்த துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவசரத்தில் செய்யவில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா?

'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அதன் கீழே இரண்டு வாக்கியங்கள் எழுதினேன்: இரண்டு ஆண்டுகளாக அவ்வப்போது வலிப்பு வருகிறது, மருந்து எடுத்துக்கொள்கிறேன். என் பிரெஞ்சு அன்று ஒரு பிழைகூட இல்லாமல் இருந்தது.

என் தங்கைக்கு வலிப்பு வந்ததே இல்லை. காய்ச்சலில்கூட நடமாடுகிறவள் அவள்!

மறுநாளே பதில் வந்தது. அவ்வளவு மென்மையான கடிதத்தை நான் வாழ்நாளில் அதிகம் படித்ததில்லை. 'மலைப்பிளவுக்குள் முதல் அருவியில் இறங்கியதும் கயிற்றைக் கீழே இழுத்துவிடுவோம். அதன் பிறகு மேலே திரும்ப வழி இல்லை. கீழே போவது ஒன்றே வழி. அங்கே உங்களுக்கு வலிப்பு வந்தால் என்னால் காப்பாற்ற இயலாமல் போகலாம். மருத்துவர் அனுமதித்தாலும் நான் அழைத்துச் செல்ல மாட்டேன். உண்மையை எழுதிய உங்கள் துணிவுக்குத் தலைவணங்குகிறேன்.'

துணிவு!

கடிதம் அத்துடன் முடியவில்லை. 'ஆனாலும் வாருங்கள். கயிறு இல்லாமல் எரிமலைச் சரிவில் நடப்போம். என் அம்மா உங்களுக்குச் சமைத்துப் போட ஆவலாக இருக்கிறார். யோகாசன வகுப்பும் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்றும் எழுதியிருந்தார்.

மோசடிக்காரன் கைக்கு வந்த பணத்தை விட்டுக்கொடுப்பானா? அந்தக் கணமே என் சந்தேகம் உதிர்ந்திருக்க வேண்டும். உதிர்ந்துதான் போயிற்று. இருந்தும், மாலையில் வாணி வந்ததும் என் வாய் வேறொன்றைச் சொன்னது.

"கூட்டிட்டுப் போக முடியாதுன்னு எழுதிட்டார் வாணி. பயணமே இல்லியாம்."

"ஏன்? காரணம் இன்னான்னு எழுதல?"

"இல்ல."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. "வயசு கேட்டிருந்தாரே... அதானா அக்கா?"

நான் பேசாமல் இருந்தேன். என் மௌனத்தை அவள் பதிலாக எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்தே பேசாமல் இருந்தேன்.

"நான் அப்பவே சொல்லல? டுபாக்கூர் பார்ட்டி!" என்று முருகேசன் ஒரு வாரம் தொலைபேசியில் வெற்றி முழக்கம் செய்தான். "நல்லவேள, கெடக்கறா வுடு" என்று அம்மா பெருமூச்சு விட்டார். ஒரு மாதம் கழித்து ழெரார் மறுபடி எழுதினார்; உடல்நலம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தார். நான் பதில் அனுப்பவில்லை.

வாணி தன் கயிறுகளையும் தலைக்கவசத்தையும் பள்ளியின் விளையாட்டுப் பொருள் அறையில் வைத்துவிட்டாள். அடுத்த ஆண்டு மலையிலிருந்து இடமாறுதல் கேட்டு வாங்கினாள். இப்போது மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளி. ஆலைக்குக் கரும்பேற்றிப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துவரும் பேருந்தில் வருவாள். கால்சட்டை நனைவதில்லை. அருவிக்கு அதன்பின் அவள் போகவே இல்லை.

இத்தனை காலத்தில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். பலமுறை வாய்வரை வந்தது. சொன்னால் மன்னித்துவிடுவாள் என்று அஞ்சினேன். மன்னிக்காமல் போய்விடுவாள் என்றும் அஞ்சினேன்.

சென்ற மாதம் ஒரு மாலை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம்.

"இன்னிக்கி ஸ்கூல்ல ஒரு பொண்ணுக்கு வலிப்பு வந்துட்ச்சி அக்கா" என்றாள்.

என் கத்தி நின்றது. "அப்படியா?"

"எழுந்ததும் அதுக்கு ஒண்ணுமே தெரில. பக்கத்துல இருக்கறவங்கதான் சொல்லணும்போல, உனக்கு வலிப்பு வந்துச்சின்னு."

அவள் குரலில் எதுவும் இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னாளா, அவரைக்காயைப் பார்த்துச் சொன்னாளா? தெரியவில்லை! என் கணினியின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். கடிதங்களை நான் அழிக்கவில்லை. அவள் கைப்பேசி இப்போது எந்த மொழியையும் தமிழில் காட்டுகிறது. படித்துவிட்டாளா? படித்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறாளா? அல்லது உண்மையிலேயே ஒரு மாணவிக்கு வலிப்பு வந்ததா?

அன்றிலிருந்து அவள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை கேட்கிறேன். தேநீர் வேண்டுமா என்று கேட்டாலும், ஏன் கேட்கிறாள் என்று யோசிக்கிறேன். ஒரு தீவுக்காரரை நோக்கித் தொடங்கிய சந்தேகம், என் தங்கையின் முகத்தில் வந்து தங்கிவிட்டது. அதை நான் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கேட்கவில்லை.

அம்மா சென்ற பங்குனியில் காலமானார். வழிகாட்டி ஏமாற்றிவிட்டான் என்று நம்பியபடியே போய்ச் சேர்ந்தார். முருகேசன் குடும்பத்தோடு சின்னசேலத்திலேயே இருக்கிறான். விசேஷங்களுக்கு வந்து போவான்.

இந்த வீட்டில் வாணியும் நானும் இருக்கிறோம்.