நாறாத சாடிகள்

நான் வளர்த்த செடி நாறவில்லை. அதுதான் என் கவலை.

பாசிக்கு நெருங்கிய உறவான சிறு செடி அது. ஈரச் சுவரில் பச்சைத் தோல்போல ஒட்டிப் படரும். நசுக்கினால் கக்கூஸ் நாற்றம். அந்த நாற்றத்தைத் தரும் சேர்மத்தைப் பிரித்தெடுப்பதுதான் என் பகுதிநேர ஆராய்ச்சி. எங்கள் பிளாக்கில் ஆள் காலி செய்த பக்கத்துக் குவார்ட்டர்ஸின் குளியலறைச் சுவரில் அதைக் கண்டேன். இருந்ததோ ஒரு கைப்பிடி. அந்த வீட்டை இடிக்கவும் குறி போட்டுவிட்டார்கள்.

அதனால் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாடிகளில், சர்க்கரை கலந்த ஊடகக் கூழில், டியூப்லைட் வெளிச்சத்தில் வளர்த்தேன். செழிப்பாக வளர்ந்தது, நசுக்கினால் வெறும் கீரை வாசனை. சாடிச் செடி அந்தச் சேர்மத்தை உண்டாக்காவிட்டால், சுவரோடு என் ஆராய்ச்சியும் இடிந்துவிடும்.

விடுவதாக இல்லை. சுவரையும் சாடியையும் ஒப்பிட்டேன். சுவரில் சர்க்கரை கிடையாது, டியூப்லைட்டும் கிடையாது. சில சாடிகளில் சர்க்கரையை நிறுத்தி, வீட்டுப் பின்னறையின் அரையிருட்டில் வைத்தேன். பழைய முறைச் சாடிகள் சிலவற்றையும் ஒப்பிடக் கொண்டுவந்தேன்.

ஒரு காலை, பக்கத்து வீட்டுச் சுவர்ச் செடியை அங்கேயே கசக்கி முகர்ந்துவிட்டு வந்து, சாடிக்கு ஒரு துணுக்காக எடுத்துத் தனித்தனிக் கிண்ணங்களில் நசுக்கினேன். அந்த வரிசைதான் தவறு. மூக்கு மரத்துப்போய் எதிலும் வாசனை தெரியவில்லை. கிண்ணங்களை அப்படியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வெளியே வந்தபோது, நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கணவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"டிரெய்னேஜ் அடைச்சிருக்காம்மா? வூடே நாறுது."

"எனக்குத் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும்? பாசியோட குடும்பம் நடத்திக்கினு இருக்க."

அதற்குள் பராமரிப்பு அலுவலகத்துக்கு போன் செய்திருந்தார். கம்பியோடு வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"தண்ணி நல்லாத்தான் போய்க்கினு இருக்கு சார். நாத்தம் உள்ளேர்ந்து வருதுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈரத்தலையோடு ஓடிப்போய்க் கிண்ணங்களை இடம் மாற்றி அடுக்கினேன். இருவரையும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே அழைத்தேன்.

"நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவனுக்கு இதான் டிபனா?" என்றார் கணவர். முகர்ந்து, மூன்று கிண்ணங்களைத் தள்ளி வைத்தார்.

அடுத்து வந்தவரும் அதே மூன்றைத்தான் காட்டினார். "இதுங்கதான் மேடம். மத்தது சும்மா கீரைங்க."

அடியில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தேன். மூன்றும் சர்க்கரை இல்லாதவை.

இரண்டு மூக்குகள் சொன்னது சான்றாகாது. கருவியில் பார்த்தாக வேண்டும். அதற்கு நிறையச் செடி வேண்டும். வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மீதிச் சாடிகளையும் சர்க்கரையில்லா ஊடகத்துக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"அப்ப எல்லாமே நாறப்போவுதா?"

"ஆமாங்க. எல்லாமே."